பராமரிப்பு நாள்

கோடு கடலின் நடுவுக்கு வந்ததும் டெலிபோன்காரர் பென்சிலைத் தூக்கிவிட்டார். சாப்பாட்டு மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டு உலகப்படம் விரிந்து கிடந்தது. சுருண்டுவிடாமலிருக்க நான்கு மூலையிலும் நான்கு டம்ளர்களைக் காவல் வைத்திருந்தார்.

“இந்த இடத்துல பிளைட் கிடைக்கலைன்னா மாத்து வழி எது?” என்று படத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தி எழுந்து எட்டிப் பார்த்தார். “அது நடுக்கடல் சம்பந்தி. அங்க பிளைட் கிடைக்கலைன்னா நீச்சல்தான்.”

“கேலி இருக்கட்டும். ஒரு லைன் போச்சுன்னா பேச்சு இன்னொரு லைன்ல போகணும். அதுக்குப் பேருதான் ஏற்பாடு.”

சமையலறையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “உலகத்தைச் சுத்தப் போறாங்களாம். ஒரு அருவி கிடையாது, ஒரு பூந்தோட்டம் கிடையாது. ஆயுசு பூரா இங்க பாத்த கம்பியையும் மோட்டாரையும் அங்கயும் போய்ப் பாக்கணுமாம். நாங்க வரலைப்பா. நீங்க ரெண்டு பேரும் ஜோடியாவே போய்ட்டு வாங்க.”

“போய்ட்டு நிதானமா வாங்க,” என்றார் கூட இருந்த சம்பந்தியம்மா. “அவசரம் ஒண்ணும் இல்லை.” இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

டெலிபோன்காரர் என்பது உறவுக்குள் வழங்கிய பெயர். தொலைபேசி நிலையத்தில் இணைப்பு இயந்திரங்களின் பராமரிப்புக்குத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார், நாற்காலியில் சாயமாட்டார். அவருடைய ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தது லிஃப்ட்காரரின் மகனுக்கு. அவரும் தொழிலால் பெயர் பெற்றவர்தான். நகரத்தின் பாதிக் கட்டடங்களில் அவர் கை படாத லிஃப்ட் இல்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஒரு கடுகளவும் கடமைப்பட்டு நிற்கக் கூடாது என்பது டெலிபோன்காரர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். முன்கூட்டிச் சொல்லாமல் சம்பந்தி வீட்டுப் படி ஏறியதில்லை. போனால் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்ததில்லை. அவர்கள் ஒரு பை பழம் கொடுத்தனுப்பினால் அடுத்த வாரம் இரண்டு பை திரும்பிப் போகும். “இவரு பழம் அனுப்பலை, பதிலடி அனுப்புறாரு,” என்று லிஃப்ட்காரர் தன் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பாராம். மகள் வந்து சொல்லித்தான் தெரியும்.

அப்படிப்பட்டவர்கள் எப்படி ஒரே மேசையில் உட்கார்ந்து உலகத்தை அளந்தார்கள் என்றால், அதற்குக் கல்யாண மண்டபத்து லிஃப்ட்தான் காரணம். மாப்பிள்ளையின் அத்தைமார் அத்தனை பேரும் ஏறிக்கொள்ள, இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது அது. மண்டபம் பிடித்தது பெண் வீட்டார். பரம்பரை மானம் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்குவதாகவே டெலிபோன்காரருக்குப் பட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினார். மோட்டார் அறைக்குள் போய், சக்கரத்தைக் கையால் சுற்றி, அத்தைமாரைத் தரை சேர்த்தார். இறங்கி வந்தபோது சட்டைக் கையெல்லாம் கிரீஸ் கறை. கூடியிருந்தவர்களிடம், “எங்க வீட்டுப் பொம்பளைங்க எடைக்கு எந்த லிஃப்ட் தாங்கும்? தப்பு எங்க பக்கம்,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். பின்னால் மோட்டார் அறையைப் பார்க்கத் தனியாக மேலே போனார் டெலிபோன்காரர். சாத்தியிருந்த கதவில் எழுதியிருந்ததைப் படிக்காமலே கொண்டியை நீக்கி உள்ளே போனார். பிரேக் கட்டை தேய்ந்திருந்ததைக் கண்டார். எடையில் குற்றமில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போகும் பழத்தின் தரம் உயர்ந்தது.

பயணப் பேச்சை எடுத்தது லிஃப்ட்காரர். எங்கோ ஒரு நாட்டில் லிஃப்டுகளைச் சோதித்துப் பார்ப்பதற்காக மட்டுமே வானளாவ ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்களாம். அதில் வீடு கிடையாது, அலுவலகம் கிடையாது. வெறும் லிஃப்டுகள் ஏறுவதும் இறங்குவதும்தான். “போறதுக்கு இடமே இல்லாம லிஃப்ட் போகுது சம்பந்தி. அதைப் பாக்காம கண்ணை மூடினா என் கட்டை வேகாது,” என்றார். டெலிபோன்காரருக்குக் கடலுக்கு அடியில் வரும் கம்பி கரையேறுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். வாழ்நாளெல்லாம் அந்தக் கம்பியின் மறுமுனையில் இருந்த யாரோ ஒருவரோடு பழுதுகளைப் பற்றிப் பேசியிருக்கிறார். அப்படிச் சேர்ந்துகொண்டே போனது பயணம். நட்சத்திரங்களின் இரைச்சலை வாங்கும் ராட்சதத் தட்டு. அணுத்துகள்களை மோதவிடும் வட்டச் சுரங்கம். ஒரு அறையை அடைத்துக்கொண்டிருந்த காலத்துக் கணிப்பொறிகளை இன்னும் ஓடவிட்டுக்கொண்டிருக்கும் காட்சிக்கூடம். ஆளே இல்லாமல் இயந்திரக் கைகள் கார் கட்டும் தொழிற்சாலை.

நாட்களைக் குறிப்பது தன் பொறுப்பு என்று டெலிபோன்காரர் எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை பயண ஏற்பாட்டாளர் ஒருவரைச் சொன்னபோது, “நம்ம குடும்பத்து விஷயத்துல வெளியாள் கை எதுக்கு?” என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அந்தச் சுரங்கத்தைப் பற்றிப் படித்தபோது, இயந்திரத்தை நிறுத்திப் பராமரிக்கும் காலத்தில்தான் உள்ளே இறங்கிப் பார்க்க முடியும் என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதுதானே முறை. ஓடுகிற இயந்திரத்தின் முகத்தைத்தான் பார்க்கலாம். நிறுத்தி வைத்தால்தான் வயிற்றைப் பார்க்கலாம். உலகத்தில் இதைப் புரிந்துகொண்ட ஆட்களும் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டு, மற்ற இடங்களுக்கும் ஒவ்வொன்றாகத் தேடிப் பராமரிப்பு நாளைக் கண்டுபிடித்தார். காட்சிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை. தட்டுக்கு மாதத்தின் முதல் புதன். தொழிற்சாலைக்கு வருடத்தில் ஒரு வாரம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும்படி பயணத்தை நெய்வதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அந்த நாட்களில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று ஒவ்வொரு இடத்திலும் போட்டிருந்ததைப் படிக்காமலா இருந்தார்? படித்தார். அவர் வேலை பார்த்த கட்டடத்தின் வாசலிலும் அப்படி ஒரு பலகை தொங்கியது. காலை தோறும் அதைக் கடந்துதான் உள்ளே போவார். அந்தப் பலகை தன்னைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது என்ற எண்ணம் வாழ்நாளில் ஒருமுறைகூட அவருக்கு வந்ததில்லை. அதைக் கண்டால், வந்த இடம் சரி என்றுதான் மனது சொல்லும்.

திட்டம் முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு நேரில் போய்ச் சொன்னார். அண்ணனோ எதிலும் குறை தேடி வெறும் வாயை மெல்லுகிறவர். அவரே, “நம்ம வம்சத்துல இப்படி முறையா யாரு பிளான் போட்டிருக்கா,” என்று வாய்விட்டுச் சொன்னார். அது உறவு முழுக்கப் பரவியது. பழைய அலுவலகத்து ஆட்கள் கூப்பிட்டு விசாரித்தார்கள். இனி பயணம் அவருடையது மட்டுமில்லை, குடும்பத்தினுடையது.

பதில் கடிதம் ஒரு மத்தியானம் கணிப்பொறியில் வந்து விழுந்தது. காட்சிக்கூடத்திலிருந்து. பயணிகள் பட்டியலில் இருந்த இருவர் முகவரிக்கும் எழுதியிருந்தார்கள். டெலிபோன்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து படித்தார். திங்கட்கிழமைகளில் தங்கள் கூடம் பொதுமக்களுக்கு மூடியிருக்கும் என்று அன்போடு தெரிவித்திருந்தார்கள். லிஃப்ட்காரரைக் குறிப்பிட்டு, ‘மூடியிருக்கும் நாட்களை நீங்கள்தான் தவறுதலாகத் தேர்ந்தெடுத்தீர்கள், உங்கள் நண்பருக்கு இதில் பங்கில்லை என்று எழுதியிருந்தீர்கள், வருந்த வேண்டாம், இது பலருக்கும் நேர்வதுதான்’ என்றார்கள். ஆனாலும் அன்று வரவே விரும்பினால், எந்த வகையில் வருகிறீர்கள் என்பதைத் தெரிவிக்கவும் என்று முடித்திருந்தார்கள்.

அவர் அதை மூன்றாம் தரம் படித்துக்கொண்டிருக்கும்போது மகள் வந்தாள். அவள் வேலை முடிந்து வாரத்தில் ஒருநாள் இந்தப் பக்கம் வந்துவிட்டுப் போவாள். அப்பாவின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுவிட்டாள்.

“உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்பா. தேதியை முதல்ல கவனிச்சது நான்தான். எல்லாமே மூடியிருக்கிற நாளா இருந்துச்சு.”

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

மகள் தயங்கினாள். “மாமா வேண்டாம்னாங்க. ‘உங்கப்பா போட்ட கணக்கு தப்புன்னு நீ சொன்னா அவருக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. நான் சொன்னா ஒரு வருஷம் இறங்காது. பேசாம இரு, நான் எழுதிக் கேட்டுப் பாக்கறேன்’னாங்க. எல்லா இடத்துக்கும் எழுதியிருக்காங்கப்பா. தன் மேலயே போட்டுக்கிட்டு.”

டெலிபோன்காரர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே தெருவில் ஒரு குழியை வெட்டி, சுற்றிலும் பட்டையான ரிப்பன் கட்டி, உள்ளே ஒருவன் இடுப்பளவு இறங்கிக் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தான். சுற்றி நின்று நான்கைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். ரிப்பனுக்கு வெளியேதான் நின்றார்கள். யாரும் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, தாங்களாகவே நின்றார்கள். பொதுமக்கள். அந்தச் சொல்லை அவர் தன் அலுவலகத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். தன்னை யாராவது அப்படி அழைத்தால் எப்படியிருக்கும் என்று இன்றுதான் தெரிந்தது. அதைவிடவும் ஒன்று நெஞ்சில் முள்ளாக நின்றது. பெண்ணைக் கொடுத்த வீட்டுப் பெரிய மனிதர், தனக்காக ஊர் பேர் தெரியாத மனிதர்களிடமெல்லாம் ‘நான் தவறு செய்துவிட்டேன்’ என்று எழுதிக்கொண்டிருக்கிறார். இதற்கு எத்தனை பை பழம் அனுப்புவது?

“பயணம் வேண்டாம். நிறுத்திடலாம்,” என்றார்.

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருப்பார், எப்போதும் கேட்பவர்தான். “அந்த மனுஷன் உங்க மானத்தைக் காப்பாத்தியிருக்காரு. அதுக்குக் கோவமா?”

“என் மானத்தைக் காப்பாத்திக்க எனக்குத் தெரியும்.”

“தெரியும் தெரியும். எந்தக் கிழமையில?”

மகள் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்குவது அவருக்குத் தெரிந்தது. அவர் உள்ளே போய் வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டினார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“சம்பந்தி வீட்டுக்கு.”

“சொல்லாமலா?” மனைவியின் வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. அவர் அதற்குள் இரண்டு படி இறங்கிவிட்டார்.

பேருந்தில் உட்கார இடம் இருந்தும் அவர் நின்றுகொண்டே போனார். என்ன பேசுவது என்று வரிசைப்படுத்திப் பார்த்தார். முதலில், தங்கள் அக்கறைக்கு நன்றி. அடுத்து, உடல்நிலை காரணமாகப் பயணத்தை ஒத்திவைப்பது. யாருடைய உடல்நிலை என்று கேட்டால்? கேட்கமாட்டார். கேட்காத மனிதர்தான் அவர், அதுதான் பெரிய தொந்தரவு. மண்டபத்தில் அன்று கிரீஸ் கையோடு இறங்கி வந்தவர் பிரேக் கட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மண்டபக்காரனைப் பிடித்து உலுக்கியிருக்கலாம், மாப்பிள்ளை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், பாக்கி தீர்ந்திருக்கும். சொல்லாததனால்தான் இத்தனை வருடமாகத் தீராமல் கிடக்கிறது. இப்போது இரண்டாவது முறை.

கதவு திறந்தே கிடந்தது. லிஃப்ட்காரர் பனியனோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். துணி துவைக்கும் இயந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்துப்போட்டு, அதன் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, முழங்கை வரை உள்ளே விட்டிருந்தார். திரும்பிப் பார்த்தவர் முகத்தில் கலவரம் வந்தது.

“என்ன சம்பந்தி? யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா?”

“எல்லாரும் நல்லா இருக்காங்க.” டெலிபோன்காரர் உள்ளே வந்து, காட்டப்பட்ட நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வரிசைப்படுத்திய பேச்சில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “காட்சிக்கூடத்துல இருந்து பதில் வந்திருக்கு,” என்றார்.

லிஃப்ட்காரர் கையை உருவிக்கொண்டார். துணியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“ஏன் உங்க பேர்ல போட்டீங்க?”

“என் பேரு சின்னது. டைப் அடிக்கச் சுலபம்.”

“சம்பந்தி.”

“சரி சரி.” அவர் எழுந்து வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். டெலிபோன்காரர் மறைத்துவைக்கும் முழங்கால் வலி அவருக்கும் உண்டு. ஆனால் காட்டிக்கொள்வார், முனகிக்கொண்டே உட்கார்வார். “ஒண்ணு சொல்றேன், நம்புவீங்களான்னு தெரியலை. நீங்க குடுத்த தேதியை நான் எத்தனை நாளா வச்சுப் பாத்துட்டிருந்தேன். கோபுரத்துக்கு எந்த நாள்னு தினம் ஒருதரம் எடுத்துப் பாப்பேன். எனக்கும் தப்பாத் தெரியலை. மெஷின் ரூம் கதவுல ‘ஆபத்து, உள்ளே வராதே’ன்னு எழுதியிருக்கும் பாருங்க. அதைப் பாத்தா எனக்கு நம்ம வீட்டு வாசலுக்கு வந்த மாதிரி இருக்கும். மருமக வந்து, ‘மாமா, அன்னிக்கு உங்களை உள்ள விடமாட்டாங்களே’ன்னு சொன்னப்ப நான் என்ன கேட்டேன் தெரியுமா? ‘எங்களையுமா?’ன்னு கேட்டேன்.”

டெலிபோன்காரர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை.

“அப்ப நீங்க எழுதினது பொய் இல்லை,” என்றார் டெலிபோன்காரர் மெதுவாக.

“பாதிப் பொய். உங்களுக்குப் பங்கில்லைன்னு போட்டேனே, அதான் பொய்.”

உள்ளேயிருந்து சம்பந்தியம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தார். சொல்லாமல் வந்திருக்கும் சம்பந்தியைக் கண்டு, “வாங்க,” என்பதற்குள் இரண்டு முறை கணவரைப் பார்த்துக்கொண்டார். “இவரு மெஷினைப் பிரிச்சுப் போட்டுட்டாரு. துணியெல்லாம் ஊறிக் கிடக்கு. நாளைக்கு எல்லாரும் என்னத்தை உடுத்தறதோ.”

“போட்டுக் குடுத்துடுவேன்மா.”

“எந்த ஊருக்குப் போறதுக்கு முன்னாடி?” என்று சொல்லிவிட்டுப் போனார்.

டெலிபோன்காரர் செம்பைக் கையில் வாங்கினார். கால் மணி நேரம் எப்போதோ ஆகிவிட்டிருந்தது. “அந்த மெயிலுக்குப் பதில் போடணும்,” என்றார். “உங்க போன்ல போடுங்க. நான் சொல்றேன்.”

லிஃப்ட்காரர் ஃபோனை எடுத்து, ஒற்றை விரலை நீட்டிக் காத்திருந்தார்.

“நாட்களைக் குறித்தது நான்.” அவர் தன் முழுப் பெயரையும், அதற்கு முன்னால் வரும் தகப்பனார் பெயரோடு, எழுத்து எழுத்தாகச் சொன்னார். “தவறுதலாக அல்ல. தெரிந்தே குறித்தது.”

விரல் நின்றது. “தப்பே இல்லைன்னா அப்புறம் அவங்ககிட்ட நாம எதைக் கேக்கறோம்?”

“கேக்கலை. வர்றோம்னு சொல்றோம்.”

“வாசல்ல பூட்டுத் தொங்கும் சம்பந்தி.”

“தட்டுவோம்.”

லிஃப்ட்காரர் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு, மறு பேச்சில்லாமல் அடித்தார். கொஞ்சம் பொறுத்து, “எந்த வகையில வர்றோம்னு கேட்டிருக்காங்க. அதுக்கு என்ன போட?” என்றார்.

“பராமரிப்புப் பணியாளர்கள்.”

“முன்னாள்னு சேக்கணும்ல?”

“அவங்க அதைக் கேக்கலை.”

“நேர்ல போய் நின்னா நம்ம தலையப் பாத்தாலே தெரிஞ்சுடும். உங்களுக்காவது நாலு முடி இருக்கு.” அவர் ஃபோனை எட்டிப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். “ஓய்வு பெற்றன்னு போடுவோமா? மரியாதையாவும் இருக்கும்.”

“ஓய்வுன்னா வீட்டுல தூங்கறான்னு நினைப்பாங்க.” டெலிபோன்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் போனார். திரை சின்னது, இரண்டு தலையும் ஒட்டினால்தான் தெரிந்தது. “இப்படிப் போடுங்க. இயந்திரங்கள் நிறுத்தப்பட்ட நாட்களிலேயே எங்கள் வாழ்நாள் முழுவதும் வேலை செய்தோம்.”

“செய்தோமா, செய்கிறோமா?”

அவர் யோசித்தார். லிஃப்ட்காரரும் அவசரப்படுத்தவில்லை. பின்னால் கழற்றி வைத்திருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வழிந்து, தரையின் சரிவைத் தேடிக்கொண்டு, இரண்டு நாற்காலிகளையும் நோக்கி வந்தது. சோப்பு நுரை அதன் விளிம்பில் மினுங்கியது. குளிர்ச்சி பட்டதும் டெலிபோன்காரர் பார்வையைத் திரையிலிருந்து எடுக்காமலே இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் லிஃப்ட்காரரும் தூக்கி வைத்துக்கொண்டார். சம்பந்தியம்மா துடைப்பதற்குத் துணியோடு வந்தவர், பரணில் ஏறிய கோழிகளைப் போல உட்கார்ந்திருந்த இருவரையும் கண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றார். தண்ணீர் அவர்களைத் தாண்டி, திறந்திருந்த வாசலை நோக்கி மெல்ல ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது.